முப்பத்திரண்டாவது தாடை

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் ஜஹபர் நிஷாவைத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் அவள் வரைந்த மூடியை ஒரு தடவையாவது திருகாதவர்கள் புதுச்சேரியில் இருக்க மாட்டார்கள். தேங்காய் எண்ணெய் மூடி, இருமல் மருந்து மூடி, பினாயில் மூடி, அப்புறம் சோப்பு டப்பா, சீப்பு, சுவிட்சுப் பெட்டி. இருபத்து மூன்று வருஷமாக இதேதான் வேலை. பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற இரும்பு அச்சுக்குப் பட்டறையில் மோல்டு என்று பெயர். அந்த மோல்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பவள் நிஷா. முதலாளி ஜானகிராமனைச் சேர்க்காமல் பட்டறையில் ஏழு பேர். ஆறு பேர் ஆண்கள். ஏழாவது ஆள் சரி என்று சொன்னால்தான் அந்த ஆறு பேரும் இரும்பில் கை வைப்பார்கள்.

பிறந்தது முல்லா வீதியில். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்தபோது சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு, பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அத்தா டீ டம்ளர்களை எடுத்து வைத்தபடி, "மிஷினுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது, நீ படி" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அப்புறம் கல்யாணம். ஜலாலுக்குக் காந்தி வீதியில் செருப்புக் கடை, கருவடிக்குப்பத்தில் வீடு. கல்யாணமான புதிதில் ஜலால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான், "நீ மூடி போடுற, நான் செருப்பு போடுறேன். மேலேருந்து கீழ வரைக்கும் இந்த ஊரு நம்ம கையிலதான்." மகள் அரீபா காலேஜுக்குப் போகிற வயதாகியும் அவன் அந்த ஜோக்கை விடவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. அது தெரியாவிட்டால் நடந்தது எதுவும் புரியாது, ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். உருக்கி ஊற்றுகிற பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். அதனால் மோல்டைக் கொஞ்சம் பெரிதாக வெட்ட வேண்டும். அவர்கள் பட்டறையில் ஓடுகிற சரக்குக்கு நூறுக்கு இரண்டு. படத்தை வரைந்து முடித்ததும், மிஷினுக்கு அனுப்புவதற்கு முன்னால், மொத்தத்தையும் 1.02 ஆல் பெருக்கிவிட வேண்டும். மறந்தால் பத்தாயிரம் மூடியில் ஒன்றுகூடப் பாட்டிலில் ஏறாது. சேர்ந்த முதல் வருஷம் நிஷா ஒரு தடவை மறந்தாள். ஜானகிராமன் அன்றைக்குத் திட்டிய திட்டில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் மறந்ததே இல்லை. தொழுகையின் கடைசியில் தலை தானாக வலப்பக்கம் திரும்புகிற மாதிரி, படம் முடிந்தால் விரல் தானாக அந்த 1.02 ஐ அடித்துவிடும்.

தாடை வேலை வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். டாக்டர் கார்குழலி என்று ஒரு அறுவை சிகிச்சை மருத்துவர். வாய்ப்புற்று, தாடைப் புற்று பார்ப்பவர். ஏதோ ஒரு பிளாஸ்டிக் தட்டு செய்யச் சொல்லிப் பட்டறைக்கு வந்தவர், சாம்பிள் காட்டுவதற்காக ஜானகிராமன் வாங்கிப் போட்டிருந்த த்ரீடி பிரிண்டரைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இதுல தாடை எலும்பு போட முடியுமா சார்?"

"அளவு குடுத்தா யானைத் தந்தமே போடலாம்" என்றார் ஜானகிராமன். அவருக்கு எதையும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. முடித்துக் கொடுக்கிறவள் நிஷா என்பதால் அவருக்கு அதில் சிரமமும் இல்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். புற்று தாடை எலும்புக்குள் போய்விட்டால் அந்தத் துண்டையே வெட்டி எடுக்க வேண்டும். காலிலிருந்து ஒரு எலும்பை எடுத்து அந்த இடத்தில் வைக்க வேண்டும். வைத்ததைப் பிடித்து நிறுத்த டைட்டானியம் தகடு. அந்தத் தகட்டை அந்த ஆளுடைய தாடை வளைவுக்குத் தகுந்த மாதிரி வளைக்க வேண்டும். இதையெல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ரத்தத்துக்கு நடுவில், கண்ணளவில் செய்தால் மணிக்கணக்கில் ஆகும். அதே தாடை முன்கூட்டியே கையில் இருந்தால் எங்கே வெட்டுவது, எதை விட்டுவைப்பது என்று நிதானமாகப் பார்க்கலாம். தகட்டையும் இரண்டு நாள் முன்னாலேயே வளைத்து வைத்துவிடலாம்.

"ஸ்கேன்ல எல்லாம் இருக்கு. ஆனா அது துண்டு துண்டா இருக்கு. அதை ஒண்ணா சேத்து என் கையில குடுக்க ஒரு ஆள் வேணும்" என்றார்.

அப்படி ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிடி வரும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். உள்ளே நானூறு, ஐந்நூறு படம். ஒரு முகத்தைத் தேங்காய்ப் பத்தை போடுகிற மாதிரி மெல்லிசாக அரிந்து வைத்த சாம்பல் நிறப் படங்கள். ஒவ்வொன்றிலும் எலும்பு எது, நரம்பு ஓடுகிற வழி எது, நோய் எது என்று நிஷா நிறம் தீட்ட வேண்டும். நோய் எதுவரைக்கும் என்பதை ஸ்கேன் டாக்டர் குறித்து அனுப்புவார். சந்தேகம் வந்தால் போனில் கேட்பாள். எல்லாப் படத்தையும் தீட்டி முடித்தால் கம்ப்யூட்டர் அடுக்கி ஒட்டிக் கொடுக்கும். திரையில் ஒரு தாடை எழுந்து வரும். சுற்றிப் பார்க்கலாம், பின்பக்கம் திருப்பலாம், எலும்பை மறைத்துவிட்டு நோயை மட்டும் பார்க்கலாம்.

நோய்க்கு என்ன நிறம் வைப்பது என்று முதல் நாளே கேட்டாள். "சிவப்பு மட்டும் வேண்டாம் நிஷாக்கா, நான் நோயாளிக்கிட்டயும் இதைக் காட்டித்தான் பேசுவேன்" என்றார் டாக்டர். ஆகவே மஞ்சள். நல்ல பங்கனப்பள்ளி மாம்பழ மஞ்சள்.

முதல் தாடையை முடித்த அன்றைக்கு வீட்டில் சோற்றைத் தொட முடியவில்லை. "ஒரு ஆளோட வாய்க்குள்ளயே நாளு பூரா குந்திக்கினு இருந்துட்டு வந்து எப்படிங்க சாப்புடுறது?" என்று ஜலாலிடம் கேட்டாள். அவன் தட்டை மூடி வைத்தான். போகப் போகப் பழகியது என்று சொல்ல முடியாது. வேறு ஒன்று நடந்தது. பெயர் தெரியாத அந்த ஆட்களை அவளுக்குப் பல்லை வைத்தே தெரிய ஆரம்பித்தது. இந்த ஆள் வருஷக்கணக்காக வலப்பக்கமே மென்றிருக்கிறார். இந்த அம்மா ஒரு கடைவாய்ப் பல்லுக்குப் பணம் செலவழித்து மூடி போட்டிருக்கிறாள், அதே பக்கம் இப்போது மஞ்சள். பதினான்காவது தாடையில் ஒரு பல்கூடக் கெடவில்லை, சின்னப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு நிஷா மத்தியானம் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். ஒவ்வொரு கோப்பையும் பிஸ்மி சொல்லித் திறப்பாள். மூடும்போது, நல்லா இருங்க என்று தமிழில் சொல்லி மூடுவாள். இது யாருக்கும் தெரியாது.

எலும்பு வேலையில் சுருக்கக் கணக்கு கிடையாது. பிரிண்டர் போடுவது உள்ளது உள்ளபடி. ஸ்கேனில் என்ன அளவோ கையிலும் அதே அளவு. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் தாடையிலேயே கம்ப்யூட்டர் ஓரத்தில் பென்சிலால் 'எலும்பு = 1.00' என்று எழுதி ஒட்டியிருந்தாள். முப்பத்தொரு தாடை அப்படியே போயிற்று. ஒட்டிய சீட்டு எப்போது விழுந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. அது தேவைப்படவும் இல்லை.

முப்பத்திரண்டாவது ஒரு ஆணுடைய தாடை. இடது கீழ்ப்பக்கம் மஞ்சள். முன்பல் இரண்டு கிடையாது, என்றைக்கோ போய்விட்ட பழைய இடைவெளி. அந்த வாரம் பினாயில் மூடி அவசர வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சனிக்கிழமை தாடை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. டாக்டர் தகட்டை வளைத்து முடித்துவிட்டார். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டாக்டரிடமிருந்து போன்.

"நிஷாக்கா, ஒரு உதவி. இந்தப் பேஷன்ட் கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு. மாடலைக் காட்டினதிலிருந்து இது என் தாடை இல்லன்னு ஒரே பிடிவாதம். மூணு நாளா இதேதான். வீட்டுக்குப் போறேன்னு கெளம்பிட்டாரு. வியாழக்கிழமைய விட்டா அடுத்த தேதிக்கு மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள நோய் வெட்ட முடியாத எடத்துக்குப் போயிடும்."

"நான் வந்து என்ன டாக்டர் சொல்றது?"

"நீங்கதான் செஞ்சீங்கன்னு தெரிஞ்சா கேப்பாருன்னு தோணுது. பயம்தான் அவருக்கு. பயத்துல சில பேரு இப்படித்தான் சொல்லுவாங்க, இது எனக்கு வரல, வேற யாருக்கோ வந்துருக்குன்னு."

நிஷா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். முப்பத்தொரு பேரில் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. வழியெல்லாம் என்ன பேசுவது என்றுதான் யோசனை. ஒரு மனுஷன் தன் தாடையையே தன்னுடையது இல்லை என்று சொல்கிற அளவுக்குப் பயந்திருந்தால், அவரிடம் அளவையும் படத்தையும் பேசி என்ன பயன்? பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும் என்று முடிவு செய்துகொண்டாள்.

வார்டில் ஜன்னலோரக் கட்டில். அறுபத்து நாலு வயது, மெலிந்த ஆள், இடது கன்னத்தில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் பக்கிரி. சட்டை மாற்றிப் புறப்படத் தயாராக இருந்தார். மகள் பூவிழி பையின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள், அழுது முகம் வீங்கியிருந்தது. போர்வைமேல் அந்தத் தாடை, அதன்மேல் வளைத்த தகடு. டாக்டர் கார்குழலி கால்மாட்டில் நின்றார்.

"ஐயா, நான்தான் இதைச் செஞ்சது" என்றாள் நிஷா.

பக்கிரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "குந்தும்மா" என்றார். வாய் சரியாகத் திறக்கவில்லை, வார்த்தைகள் ஒரு பக்கமாக வந்தன. "நல்லாத்தான் செஞ்சிருக்க. கொறை சொல்லல. ஆனா இது எந்தாடை இல்ல. எங்கியோ மாறிப்போச்சி. எவனோ ஒருத்தனோடத எனக்கு வெக்கப் போறாங்க, என்னுத அவனுக்கு வெக்கப் போறாங்க. பாவம், அவனும் எங்கியோ படுத்துனு இருப்பான்."

"அப்படி மாறாதுங்கய்யா. உங்க எண்ணு போட்டுத்தான் வருது. பாருங்க, முன்பல்லு ரெண்டு இல்ல. உங்களுக்கும் இல்ல."

"பல்லு போனது மில்லுல. எம்பத்தொம்பதுல தறியிலேருந்து நாடாக்கட்டை பறந்து வந்து அடிச்சிது. அந்த மில்லுல என்னை மாதிரி பல்லு போனவன் நாலு பேரு இருந்தான்."

பூவிழி மறுபடி அழ ஆரம்பித்தாள். "இப்படித்தாங்க்கா பேசுறாரு. ஒண்ணும் புரிய மாட்டேங்குது அவருக்கு."

"புரியாம இல்லடி" என்றார் பக்கிரி, கோபமில்லாமல். நிஷா பக்கம் திரும்பினார். "மில்லு மூடுனப்புறம் இருவது வருசமா சாவி போடுறேன்மா. மார்க்கெட்டாண்ட. பூட்டுக்குள்ள போற சாவியெல்லாம் சாவி ஆயிடாது. உள்ள போவும், திரும்பாது. பாத்தா அதே மாதிரிதான் இருக்கும். கைக்குத்தான் தெரியும்." அந்தத் தாடையை எடுத்து ஒரு கையில் பிடித்தார். இன்னொரு கையால் தன் தாடையை, வலிக்காத பக்கம், கீழ்விளிம்போடு தடவினார். "இது திரும்பாது."

தலையணைக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதிலிருந்து ஒரு பல் செட்டை எடுத்தார். இரண்டு பல், இளஞ்சிவப்பு ஈறு, இரண்டு பக்கமும் கொக்கி போல் வளைந்த கம்பி. நேரு வீதியைக் கடைசிவரை பழைய பிரெஞ்சுப் பெயரில் துய்ப்ளேக்ஸ் வீதி என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு பழைய பல் டாக்டர் செய்து கொடுத்ததாம். முப்பத்தைந்து வருஷமாக இதே செட்தான், வாய் வீங்கியதும் கழற்றி வைத்திருந்தார். நேற்றுதான் மகளை வீட்டுக்கு அனுப்பித் தேடி எடுத்து வரச் சொல்லியிருந்தார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

பக்கிரி அந்தப் பல் செட்டைத் தாடையின் இடைவெளியில் பொருத்தினார். விரலால் தட்டினார். அது ஆடியது.

"பாரும்மா. எனக்கு இது ஆடவே ஆடாது. கழட்டறதுக்கே நகத்த வெச்சி நெம்பணும்."

டாக்டர் குனிந்து பார்த்தார். "பல்லு இருக்குற எடம் ஸ்கேன்ல கொஞ்சம் கலங்கலாத்தான் வரும் ஐயா. அடைச்ச பல்லு வேற இருக்கு. அதனாலதான் இப்படி. எலும்பு சரியா இருக்கும். இல்லையா நிஷாக்கா?"

நிஷா கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலங்கல் என்றால் ஒரு பக்கம் இடிக்கும், ஒரு பக்கம் சரியாக உட்காரும். இது அப்படி இல்லை. இடது கம்பி எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதே அளவு வலது கம்பியும் தள்ளி நிற்கிறது. பிசிறு இருந்து ஏறாத மூடிக்கும், அளவு தப்பி ஏறாத மூடிக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? சனிக்கிழமைக்கு முந்தின நாள் திரையில் பினாயில் மூடியும் இந்தத் தாடையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததும், வேலை முடிந்த நிம்மதியில் விரல் எதையோ அடித்ததும் ஞாபகம் வந்தது.

சாக்கை டாக்டரே எடுத்து நீட்டியாயிற்று. ஆமாம் டாக்டர், கலங்கல்தான் என்றால் போதும். பட்டறைக்குப் பேர் கெடாது. ஜானகிராமனுக்குத் தெரியாது. இந்த மனுஷன் கையெழுத்துப் போடுவார், வியாழக்கிழமை இந்தத் தகட்டையே வைத்து முடுக்குவார்கள். ஒரு நொடி அவளுக்கு இதெல்லாம் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த ஒரு நொடிக்காக அவள் இன்றைக்கும் தன்னை மன்னிக்கவில்லை.

"இல்ல டாக்டர்" என்றாள். "அவரு சொல்றது சரி. தாடை அவரோடதுதான், ஆனா பெருசா இருக்கு. நூறுக்கு ரெண்டு பெருசு. தப்பு என்னுது."

எப்படி நடந்தது என்று நின்றபடியே சொன்னாள். மூடி, மோல்டு, சுருக்கம், விரல் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் தகட்டைக் கையில் எடுத்து மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது.

"பின்பக்கம் போகப் போக ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் வரும். இதை வச்சிருந்தா மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேந்திருக்காது. அவரால மென்னு சாப்பிட்டிருக்க முடியாது" என்றார் மெதுவாக. கத்தவில்லை. கத்தியிருந்தால் நிஷாவுக்குத் தேவலை. பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பக்கிரியைப் பார்த்துச் சொன்னார், "மூணு நாளா சொன்னீங்க. நான் பயம்னு நெனச்சிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க ஐயா."

பக்கிரி துண்டால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் துடைத்தார். "எனக்குப் புத்தி கலங்கிடுச்சின்னு எம்பொண்ணு நெனச்சிக்கினு இருந்துது டாக்டரு. அதாம் எனக்கு நோவு. இந்தக் கட்டிகூட அவ்ளோ நோவல." பூவிழி பையை விட்டுவிட்டு அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

நிஷா கிளம்பும்போது அவர் கூப்பிட்டார். "எம்மா, எனக்கு முன்ன எத்தினி பேருக்கு இந்த மாதிரி போட்டுக் குடுத்த?"

"முப்பத்தொரு பேருங்கய்யா."

அவர் தலையை ஆட்டினார். அந்த முப்பத்தொன்றும் சரியான அளவில் போயிற்றா என்ற கேள்வி நிஷாவோடு கூடவே வந்தது.

ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்றிருந்தாள், பின்னால் வந்தவன் ஏதோ திட்டினான். பட்டறைக்குள் நுழைந்து, நேரே ஜானகிராமனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாயைத் திறப்பதற்குள், "மொதல்ல புதுத் தாடையை ஓட்டிடுறேன் சார், அப்புறம் திட்டுங்க" என்றாள். அளவை மாற்றி, நாலு தடவை சரிபார்த்து, ஸ்கேனிலேயே இரண்டு இடத்தில் அளந்து, பிரிண்டரை ஓடவிட்டாள். முடிய மறுநாள் காலை ஆகும்.

அதற்குப் பிறகுதான் பழைய கோப்புகளைத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் கடைசியாக எந்த அளவில் அனுப்பினோம் என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். முதலாவது, 1.00. இரண்டாவது, 1.00. எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு ஆளும் ஞாபகம் வந்தார். வலப்பக்கமே மென்றவர். மூடி போட்ட பல்லுக்காரி. இவர்களெல்லாம் இப்போது எங்கேயோ சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்கள், அல்லது அவள் செய்த தப்பால் பிசைந்தும் தின்ன முடியாமல் இருப்பார்கள். பதினான்கைத் திறக்குமுன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தச் சின்னப் பெண். யா அல்லாஹ், அவளை மட்டுமாவது என்று நினைத்தாள். உடனே, அதென்ன அவளை மட்டும், மற்றவர்கள் மனுஷர்கள் இல்லையா என்று தன்னையே திட்டிக்கொண்டு திறந்தாள். 1.00. பத்தொன்பதாவது தாடை போன அதே நாளில் ஒரு சீப்பு மோல்டும் போயிருந்தது. அந்தக் கோப்பையும் திறந்தாள். 1.00. முப்பத்தொன்றும் பார்த்து முடித்தபோது மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

தலையை நிமிர்த்தியபோது பக்கத்தில் ஒரு டீ இருந்தது, ஆறி ஆடை படிந்து. ஜானகிராமன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இருபத்து மூன்று வருஷத்தில் அவர் யாருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்ததில்லை.

"எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு சார்."

"அந்த மொத வருசம் உன்னைத் திட்டினேன் பாரு. ரொம்பத் திட்டிட்டேன். சின்னப் பொண்ணு நீ அப்ப." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்த நூத்துக்கு ரெண்டு உன்னுது இல்லம்மா. நான் உன் கையில போட்டது." சொல்லிவிட்டு எழுந்து போய், யாரோ ஒருவனைக் காரணமில்லாமல் அதட்டினார்.

புதன்கிழமை காலை, கழுவி உலர்த்திய புதுத் தாடையைத் துணியில் சுற்றி நிஷாவே எடுத்துக்கொண்டு போனாள். பக்கிரி கையில் கொடுத்தாள். அவர் பல் செட்டை வைத்து அழுத்தினார். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். கழற்ற நகத்தை வைத்து நெம்ப வேண்டியிருந்தது. மறுபடி வைத்தார், மறுபடி நெம்பினார். திருப்தி வருகிற வரைக்கும் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பிறகு அந்த மஞ்சளைக் கட்டை விரலால் தொட்டார்.

"இதானா அது?"

"இதாங்கய்யா."

"ம். தறியாண்ட பீடி புடிக்கக் கூடாதும்பான், பஞ்சு பத்திக்கும்னு. அதனால பொயலையை அடக்கிக்குவோம். இந்தப் பக்கம்தான், இதே எடத்துல." விரலை எடுத்தார். "மஞ்சளா போட்டிருக்க. நல்லவேளம்மா." டாக்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே டாக்டர் அந்தத் தாடைமேல் வைத்துப் புதுத் தகடு வளைத்தார்.

இப்போதெல்லாம் நிஷாவுக்கு சிடி மட்டும் வந்தால் போதாது. கூடவே அந்த ஆளின் பல்லை மாவில் பதித்து எடுத்த ஒரு அச்சும் வர வேண்டும். பிரிண்டரிலிருந்து வந்த தாடைமேல் அது உட்கார்ந்தால்தான் பட்டறையை விட்டு வெளியே போகும். பல்லே இல்லாத ஆளாக இருந்தால், ஆஸ்பத்திரியில் கவராயம் மாதிரி ஒரு கருவியால் கன்னத்துக்கு வெளியிலிருந்து எடுத்த தாடை அளவாவது எழுதி அனுப்ப வேண்டும். டாக்டர் கார்குழலி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். தவறிய அந்தப் பெரிய தாடையை நிஷா தூக்கிப் போடவில்லை, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். யாராவது கேட்டால் விஷயத்தை ஒளிக்காமல் சொல்வாள்.

பக்கிரியின் அறுவை சிகிச்சை அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது, சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிந்தது. அன்றைக்கு நிஷா ஒரு மூடியும் வரையவில்லை. "தகடு அப்படியே உக்காந்துச்சு நிஷாக்கா, கை வைக்க வேண்டியதே இல்லாம போச்சு" என்று டாக்டர் போனில் சொன்னபோது, ஜலாலைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் கடையில் ஆள் இருந்தும் அல்ஹம்துலில்லாஹ் என்று உரக்கவே சொன்னான்.

ஆறாம் நாள் பார்க்கப் போனாள். பக்கிரியின் முகம் வீங்கியிருந்தது, மூக்கில் ஒரு குழாய், மூச்சுக்காகத் தொண்டையில் ஒரு குழாய், ஒரு காலில் கட்டு. தொண்டைக் குழாயை எடுக்கிற வரைக்கும் பேச முடியாது. எழுதிக் காட்டுவதற்காகப் பூவிழி ஒரு பள்ளிக்கூட நோட்டும் பென்சிலும் வைத்திருந்தாள். அதன் பக்கங்களில், தண்ணி வேணும், கால் அரிக்குது, கடைச் சாவி யாருகிட்ட என்றெல்லாம் கோணல் எழுத்தில் இருந்தது.

நிஷாவைக் கண்டதும் அவர் கையை உயர்த்தினார். கண்ணாடி வேண்டும் என்று சைகை காட்டினார். "ஆறு நாளா நான் குடுக்கலக்கா, வீக்கம் வடியட்டும்னு" என்றாள் பூவிழி தயங்கியபடி. அவர் கையை இறக்கவில்லை. கடைசியில் அவள் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள்.

பக்கிரி அதில் தன்னைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கையின் விரல்களையும் காதுக்குக் கீழே வைத்து, தாடையின் விளிம்போடு மெல்ல மெல்ல முகவாய் வரைக்கும் கொண்டுவந்தார். இடது பக்கம் உள்ளே இருப்பது அவருடைய கால் எலும்பு, அதன்மேல் தகடு. வலது பக்கம் பிறந்ததிலிருந்து இருப்பது. இரண்டு விரலும் நடுவில் ஒரே நேரத்தில் வந்து சந்தித்தன. மறுபடி காதிலிருந்து தொடங்கினார். மூன்று தடவை அப்படிச் செய்தார். நிஷா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் கண்ணைத் திறந்து நோட்டைக் கேட்டார். பென்சிலைப் பிடித்து, நேரம் எடுத்துக்கொண்டு எழுதி, பூவிழிக்குக் காட்டாமல் நேரே நிஷாவிடம் நீட்டினார்.

'என்னுதுதான்' என்று எழுதியிருந்தது.